எனக்கு யாரும் ரத்தம் ஏற்றவில்லை

ஜெர்மனியில், ஹம்பர்க்கில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் மாத்திரைகளை அங்கேதான் வாங்குகிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில், கடையை விட்டு வெளியே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டப்பாவைத் திறந்து மாத்திரைகளைக் கையில் வைத்திருந்த பாலித்தீன் பையில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவை அங்கிருந்த நீலத் தொட்டியில் போட்டேன். நாய்க்குட்டியோடு வந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் நின்றுவிட்டார். கையைத் தொட்டிக்குள் விட்டு என் டப்பாவை எடுத்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் மேலிருந்த எழுத்துகளை நிதானமாகப் படித்தார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, இது பிளாஸ்டிக், நீலத் தொட்டி காகிதத்துக்கு மட்டும், இது கெல்பெ டொன்னெக்குப் போக வேண்டியது என்று கண்டித்தார். கெல்பெ டொன்னெ என்றால் மஞ்சள் தொட்டி. என்ட்ஷுல்டிகுங் என்று மன்னிப்புக் கேட்டேன். டப்பாவை என் கையிலேயே திணித்துவிட்டு, இனிமேல் கவனமாக இருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

என் வாழ்க்கையின் மிகப் பெரிய ரகசியத்தை ஒருத்தி நடுத்தெருவில் படித்துவிட்டு, குப்பையைப் பிரிக்கத் தெரியாதவன் என்று மட்டும் திட்டிவிட்டுப் போனதை நினைத்து நினைத்து அன்று முழுவதும் சிரித்தேன். ஊரில் இருப்பவர்களுக்கு ஏன் டப்பாவை வீசினேன் என்று புரியாமல் போகலாம். சென்னையில் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் வந்தவர்களுக்குப் புரியும். எச்.ஐ.வி.க்கான மாத்திரையை அங்கே இலவசமாகத் தருவார்கள். வாங்கியவர்களில் பலர் அந்த டப்பாவோடு பஸ் ஏற மாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே மாத்திரைகளைப் பையிலோ கைக்குட்டையிலோ மாற்றிக்கொண்டு டப்பாவை வீசிவிட்டுத்தான் கிளம்புவார்கள். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் பஷீர். வண்ணாரப்பேட்டையில் துணி பண்டல் கட்டும் கடையில் வேலை செய்துகொண்டே, புதிதாக மருந்து எடுக்க வருகிறவர்களுக்குத் துணையாகவும் இருப்பவன். அவனுக்கும் எச்.ஐ.வி. உண்டு. அவனும் ஆண்களை விரும்புகிறவன். இரண்டையும் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் மறைக்க வேண்டியவர்களுக்கு மறைக்கக் கற்றுக் கொடுப்பான்.

"இன்னா தயா, டப்பாவோட பஸ் ஏறுவியா? உள்ள கிலுகிலுன்னு ஆடும். அந்தச் சத்தம் தெரிஞ்சவன் ஒருத்தன் பக்கத்துல குந்திகினு இருந்தா போதும், டோல்கேட் வர்றதுக்குள்ள சேதி உனக்கு முன்னால வூட்டுக்குப் பூடும்" என்றான்.

என் விஷயத்தில் சேதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் மெக்கானிக்காக இருந்தேன். துபாய் வேலைக்கு ஆசைப்பட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் அந்தப் பரிசோதனையில் தேறாவிட்டால் விமானம் ஏற முடியாது. முடிவை என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஏஜென்ட், எங்கள் பஸ் நிறுத்தமான டோல்கேட்டில், டீக்கடையில் என் அப்பாவைப் பார்த்ததும் அங்கேயே வாயைத் திறந்துவிட்டான். நாலு பேர் கேட்கும்படி சொன்னதால் தெருவுக்கே தெரிந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, அடிக்காமல் திட்டாமல், எந்தப் பொம்பளகிட்டப் போன என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே, துறைமுகப் பக்கம் போகிற ஆம்பளைக்கு இதெல்லாம் சகஜம், மூஞ்ச கயுவிகினு வந்து சாப்புடு என்றார். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன். என் மேல் உண்மையாகவே அன்பு வைத்திருந்த மனிதர் அவர். அந்த அன்புக்கு நடுவில் இல்லாத ஒரு பெண்ணை அவரே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். அவர் சாகும்வரை அந்தப் பெண் எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். எனக்கு மிச்சம் தங்கை சுமதி மட்டும்தான்.

அங்கே எந்தப் பெண்ணும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல் ஆண்களைத்தான் பிடிக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் எனக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது. நாமக்கல் பக்கத்து டிரைவர். கடற்கரையில் போட்டிருக்கும் கருங்கற்களின் மேல் ஒருவர் சுண்டுவிரலை ஒருவர் கோத்துக்கொண்டு பட்டப்பகலில் உட்கார்ந்திருப்போம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அப்படி உட்கார்ந்திருக்கும் ஆண்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தோஸ்துங்க, அவ்வளவுதான். ஹம்பர்க்கில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் அது ஓர் அறிவிப்பு. கைகோப்பதற்கு முன்பே எல்லோருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கையைக் கோத்துக்கொள்ளலாம், தோளில் சாயலாம், ஒரே பாயில் படுக்கலாம், அதற்குப் பெயர் மட்டும் வைக்கக் கூடாது. ஆண்களின் உறவு குற்றமில்லை என்று சட்டம் மாறிய பிறகும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. இரண்டு ஊரிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில், எதையும் நான் உயர்த்திப் பேசத் தயாராக இல்லை.

ஹம்பர்க்கில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஆண்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். காபி, கேக், பேச்சு. நான் முதன்முறை போனபோது எல்லோரும் என்னிடம் மிகவும் இதமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, உங்கள் நாட்டிலிருந்து தப்பி வந்தீர்களா என்று கேட்டார். இல்லை, இங்கே துறைமுகத்தில் கிரேன் ரிப்பேர் செய்ய வந்தேன், துபாய் மாதிரி ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை என்றேன். அவர் புரிந்த மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, பேச விருப்பமில்லை என்றால் பரவாயில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் துறைமுக கிரேனின் வேலையை விளக்கினேன். அவர் கண் கலங்கியது. அவருக்குத் தேவை ஓர் அகதியின் கதை. என்னிடம் இருந்தது ஒயர் ரோப்பும் கியர் பாக்ஸும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வீட்டில் அப்பா கொடுத்த கதையும் சரி, இங்கே இவர்கள் நீட்டும் கதையும் சரி, இரண்டும் என் அளவுக்குத் தைத்தவை அல்ல என்பது அன்று உறைத்தது.

போன வருஷம் சுமதி போன் செய்தாள். அவளும் அவள் கணவன் பிரபுவும் எர்ணாவூரில் இருக்கிறார்கள். பிரபு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர்கள் மகள் தர்ஷினிக்குக் காது குத்த வேண்டும். "நீ வந்தாத்தாண்ணா. உம் மடிலதான் குத்தணும்" என்றாள். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, இனி வரப்போவதும் இல்லை என்று சொந்தக்காரர்கள் கணக்கில் எழுதி முடித்துவிட்ட ஒருவனுக்கு, ஊரார் முன்னால் உரிமையோடு உட்கார்ந்துகொள்ள மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான். சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்ததும் அழுதேன். பிறகு பயமும் வந்தது. ஊசி, குழந்தையின் காது, ரத்தம். எனக்கு எல்லாம் தெரியும்தான். ஆனாலும் இத்தனை வருஷமாக ஊர் ஊட்டிய பயம், தெரிந்ததைச் சற்று நேரம் மறக்கடித்துவிடும்.

என் டாக்டரிடமே கேட்டேன். எப்போதும் உட்காரச் சொல்லும் முன்பே, இப்போது ஆண் துணை யாராவது உண்டா என்று வெயிலைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரிக்கும் அம்மாள் அவர். மடியில் குழந்தை உட்காரும், ஊசி குத்துவார்கள், ரத்தம் வரும், நான் இருக்கலாமா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் இறுகியது. ஒரு வயதுக் குழந்தைக்கா காது குத்துகிறீர்கள், அதற்கு வலிக்காதா, அதனிடம் யார் கேட்டார்கள் என்றார். அது எங்கள் வழக்கம், என் வைரஸைப் பற்றித்தான் கேட்டேன் என்றேன். அதுவா என்று கையை உதறினார். மடியில் உட்கார்ந்து யாருக்கும் எச்.ஐ.வி. வந்ததில்லை. அதோடு உங்கள் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கி வருஷக்கணக்காகிறது, உறவு கொள்கிறவருக்கே உங்களிடமிருந்து தொற்றாது, இதை உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்றார். மறுபடியும் குழந்தையின் காதுக்கே திரும்பிவிட்டார். வெளியே வரும்போது அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் சண்டை போடலாம் போலவும் இருந்தது.

எர்ணாவூர் போய்ச் சேர்ந்ததும் பிரபு என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். காய்ந்த துணிகளின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. அதை உதறியபடியே பேசினான். அவன் அம்மாவுக்கும் சொந்தங்களுக்கும் என் நோய் தெரியும். டோல்கேட் டீக்கடையின் புண்ணியம். அதனால் அவன் ஒரு வழி செய்திருந்தான். "யார்டுல உங்க கால் மேல ராடு வியுந்துச்சே மச்சான், அப்ப ஆஸ்பத்திரில ஏத்துன ரத்தத்துலதான் வந்துச்சுன்னு சொல்லி வச்சுகீறேன். அம்மா நம்பிடுச்சு. பாவம் அந்தப் புள்ளன்னு அயுவுது. மடில வச்சுக் குத்தட்டும்னு அதுவே சொல்லிடுச்சு. நீங்க ஒண்ணும் பேசத் தேவல, யாராவது கேட்டா தலைய மட்டும் ஆட்டுங்க" என்றான். கெட்டவன் இல்லை பிரபு. எனக்காகவும் சுமதிக்காகவும் யோசித்து யோசித்துக் கட்டிய கதை அது. அப்பா கொடுத்ததைவிட இது சுத்தமான கதை. அதில் பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை, ஆசையே இல்லை. நான் ஒரு கட்டிலில் மயங்கிக் கிடந்தேன், யாருடைய ரத்தமோ வந்து புகுந்துவிட்டது. மடி வேண்டும் எனக்கு. சரி என்றேன்.

விசேஷத்தன்று வீட்டு வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பட்டுப்பாவாடை, பழத்தட்டு, நான் வாங்கி வந்த சின்னத் தங்கக் கம்மல் ஒரு ஜோடி எல்லாம் வரிசையாக இருந்தன. பஷீரை நான் கூப்பிட்டிருந்தேன். குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு சலவைச் சட்டையில் வந்திருந்தான். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். எச்.ஐ.வி. பற்றித் தெருத்தெருவாகப் பேசுகிறவன் என்றும் தெரியும், மற்றதும் தெரியும். பிரபுவின் அம்மா அவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். என்னைப் பார்த்ததும் முகம் இளகியது. "வா நைனா, குந்து. ஒரு தப்பும் பண்ணாத புள்ளைக்குப் போய் ஆண்டவன் இப்பிடி வச்சுட்டானே" என்று என் தலையைத் தடவினார். அந்தக் கையின் சூட்டுக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன். தலையை ஆட்டினேன்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தர்ஷினியை என் மடியில் வைத்தார்கள். அவ்வளவு கனமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. காது குத்த வந்த பத்தர் இடது காதைப் பிடித்து ஒரே அழுத்தாகக் கம்மலைச் செருகித் திருகிவிட்டார். குழந்தை வீறிட்டது. நான் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒரு பொட்டு ரத்தம் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. பக்கத்தில் நின்றிருந்த பஷீர், பையிலிருந்து பஞ்சை எடுத்துத் துடைக்கக் குனிந்தான்.

"ஏய், நீ கை வெக்காத" என்றார் பிரபுவின் அம்மா. "எங்க நைனாவுக்காவது ஆஸ்பத்திரில ஏத்துன ரத்தம். அது இன்னா பண்ணும் பாவம். உனக்கு எங்கெங்க போய் ஒட்டிகினு வந்துச்சோ. தள்ளி நில்லு."

பஷீர் கையை எடுத்துக்கொண்டான். வாய்க்கு வாய் பதில் கொடுக்கிறவன், அன்று ஒன்றும் பேசவில்லை. பேசினால் என் விசேஷம் கெட்டுவிடும் என்று நினைத்தான். பஞ்சு அவன் விரலிலேயே இருந்தது. எனக்கு ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலைக் காட்டியவன், முதல் மாத்திரையைப் போடும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், என் மடிக்காக வாயை மூடிக்கொண்டு நின்றான். நான் பாவப்பட்டவனாக இருக்க வேண்டுமென்றால் அவன் பாவியாக இருந்தாக வேண்டும். அந்தக் கதை அப்படித்தான் தைக்கப்பட்டிருந்தது.

"அத்த" என்றேன். "எனக்கு யாரும் ரத்தம் ஏத்தல. கால்ல அடிபட்டப்ப கட்டு மட்டும்தான் போட்டாங்க. பஷீருக்கு வந்த மாதிரிதான் எனக்கும் வந்துச்சு. ஆம்பளைங்ககூட இருந்ததுல வந்துச்சு. எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். இப்பவும்தான்."

"மச்சான், இன்னா பேசிகினு கீறீங்க" என்றான் பிரபு. அவன் அம்மா எழுந்து வந்து குழந்தையை என் மடியிலிருந்து தூக்கினார்.

"இவ்ளோ நேரம் எம் மடிலதான் இருந்துச்சு" என்றேன். "அப்ப இருந்த அதே வியாதிதான் இப்பவும் கீது. மாத்திர போட்டுகினுதான் கீறேன், யாருக்கும் ஒட்டாது. இப்ப மட்டும் இன்னா ஆச்சு?"

"வியாதி வேற நைனா. இது வேற" என்றார் அவர். கத்தவில்லை. மனசில் பட்டதை அப்படியே சொன்னார். அவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நோய்க்கு அந்தப் பந்தலில் இடம் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

பத்தர் இன்னொரு கம்மலை விரலில் பிடித்தபடி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார். சுமதிக்குப் பெரியப்பா பிள்ளை ஒருத்தர் இருக்கிறார், அவரும் மாமன் முறைதான், அவர் மடியில் முடித்துவிடலாம் என்று ஒரு குரல் வந்தது. ஆளும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அதுவரை தூணோரம் நின்றிருந்த சுமதி நடந்து வந்து பத்தர் கையிலிருந்த கம்மலை வாங்கிக்கொண்டாள். "எம் புள்ளைக்கு ஒரு மாமன்தான். அது மடில குத்தறதுன்னா குத்துங்க. இல்லாங்காட்டி அந்தக் காது அப்பிடியே கெடக்கட்டும்" என்றாள். மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் கண்ணை எடுக்கவில்லை. குழந்தை இருவருக்கும் நடுவில் அழுதது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் எழுந்து செருப்பைப் போட்டபோது சுமதி அந்தக் கம்மலை என் கையில் வைத்து மூடினாள்.

பஷீரும் நானும் கடலோரம் போய்க் கருங்கல்லில் உட்கார்ந்தோம். "பிரியாணிகூடத் துன்ன வுடாம இட்டுகினு வன்ட்டியே" என்றான். இருவரும் சிரித்தோம். பிறகு அவன் கடலைப் பார்த்துக்கொண்டே, "நீ பிளேன் ஏறிப் பூடுவ. நாளைக்கு அந்தத் தெருவுல நடக்கப் போறவன் நானு, உன் தங்கச்சி. அத்தயும் நென்ச்சுக்கோ" என்றான். அவன் சொன்னது சரிதான். வெளிநாட்டில் வீடு வைத்திருக்கிறவனின் வீரத்துக்கு விலை கொஞ்சம் குறைவு. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்காகச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அவன் சுண்டுவிரலை நீட்டினான். "ஆனா ஷோக்கா பேசுன" என்றான்.

ஒரு வருஷம் ஆகிறது. தர்ஷினிக்கு இன்னும் ஒரு காதில்தான் கம்மல். எர்ணாவூரில் அவளுக்கு ஒத்தக் கம்மல் என்றே பேர் வைத்துவிட்டார்களாம். கேட்கிறவர்களிடம் சுமதி, அவ மாமன் வரணும் என்று மட்டும் சொல்கிறாள். வேறு விளக்கம் கொடுப்பதில்லை. மாமியார் இன்னும் இறங்கி வரவில்லை. இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்த பிரபு, இப்போது வீடியோ காலில் முகத்தைக் காட்டாமல் குழந்தைக்கு நேராக போனைப் பிடித்துக்கொள்கிறான்.

ஹம்பர்க் திரும்பிய பிறகு இங்கே ஒரு கடையில் காது குத்திக்கொண்டேன். எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து எடுக்கிறேன் என்றேன். அந்தப் பெண் எல்லோருக்கும் போடுகிற கையுறையைப் போட்டுக்கொண்டு, எந்தக் காது என்று கேட்டாள். வலது என்றேன். எனக்கு உட்கார மடி இல்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். புண் ஆறியதும் சுமதி கொடுத்த கம்மலை மாட்டிக்கொண்டேன். வலது காதில் மட்டும் போடுகிறவன் ஆண்களை விரும்புகிறவன் என்று அர்த்தம் கற்பித்துக்கொள்கிறவர்கள் கற்பித்துக்கொள்ளட்டும், அந்த அர்த்தத்துக்கும் எனக்குச் சம்மதம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்போது தர்ஷினி முதலில் தன் இடது காதைத் தொட்டுக் காட்டுகிறாள். பிறகு திரையில் தெரியும் என் வலது காதைத் தொடக் கையை நீட்டுகிறாள். அவளுடையதை அவளுக்காக நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மடியில் வந்து உட்காரும் அன்று கழற்றிக் கொடுப்பேன்.